ஏன் நிறுத்தினீங்க?

ஜனவரி 9

அன்பு அக்காவுக்கு,

உன் தம்பிதான். கடிதத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறியிருப்பாய். ஒன்றும் ஆகவில்லை, மூன்று பேரும் நன்றாகவே இருக்கிறோம். உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது? பள்ளிச் சீருடை ஆர்டர் வந்துவிட்டால் தையல் மெஷினை விட்டு நீ எழுந்திருக்க மாட்டாய். மாமா சௌக்கியமா?

ஃபோன் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், என் வேலை மாறிவிட்டது. அதே மருந்துக் கம்பெனிதான், அதே தலைமை அலுவலகம்தான். ஆனால் கணக்குப் பிரிவிலிருந்து பாதுகாப்புப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். எல்லாக் கிடங்குகளிலிருந்தும் எங்களுக்குத் தகவல் வருகிறது. யார் எந்தக் கதவை எப்போது கார்டு காட்டித் திறந்தார்கள், எந்தக் கம்ப்யூட்டரில் எதைப் பார்த்தார்கள், எந்தப் பெட்டி எங்கே நகர்ந்தது, எல்லாம். அதையெல்லாம் சேர்த்துப் பார்த்து ஒவ்வொரு ஊழியருக்கும் ஓர் ஆபத்து மதிப்பெண் போடுகிற ஏற்பாட்டை உருவாக்கிக்கொண்டிருக்கிறோம். தப்பு நடந்த பிறகு ஆளைத் தேடுவது பழைய முறை. நடப்பதற்கு முன்பே மோப்பம் பிடிப்பதுதான் எங்கள் வேலை. சிரிக்காதே. போன வருஷம் ஒரு கிடங்கிலிருந்து திருட்டுப் போன புற்றுநோய் ஊசியில் தண்ணீர் கலந்து வெளியில் விற்றிருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டவர்களை நினைத்தால் எனக்கு இது பெரிய வேலையாகத்தான் தெரிகிறது.

எல்லாரையும் கவனிக்கிற எங்களைக் கம்பெனி இன்னும் உன்னிப்பாகக் கவனிக்கிறது. என் ஃபோன், என் பெண்டாட்டி ஃபோன், மெயில் எல்லாவற்றையும் பார்க்கச் சம்மதம் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். "சொந்தக்காரங்க யாராவது நம்ம கம்பெனியில இருக்காங்களா?" என்றும் கேட்டார்கள். மாமா உங்கள் ஊர்க் கிடங்கில் இருந்தும், இல்லை என்று சொல்லிவிட்டேன். நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்தபோது மாமா சொன்னது நினைவிருக்கிறதா? "என் பேரை எங்கேயும் சொல்லாதே. கிடங்குக்காரன் சிபாரிசுல வந்தவன்னு உன்னை ஒருத்தன் சொல்லக் கூடாது." அப்போதே சொல்லாததை இப்போது எப்படிச் சொல்வது? ஆகவே இனி ஃபோன் வேண்டாம். தபாலை யாரும் பார்ப்பதில்லை.

கடைசியாக வைத்திருப்பதுதான் நல்ல செய்தி. பாப்பாவின் காது ஆபரேஷனுக்குக் கம்பெனி இன்சூரன்ஸில் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். மே மாதம். காதுக்குள்ளே ஒரு கருவி வைப்பார்களாம். அவளுக்கு நாலு வயதாகப் போகிறது, இதற்கு மேல் தள்ளிப்போட்டால் பேச்சு வருவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் இந்த வேலையில் இருக்கும் வரைதான் அந்த இன்சூரன்ஸ். அதனால்தான் மாற்றலுக்கு வாயைத் திறக்காமல் தலையாட்டினேன்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

*

ஜனவரி 21

தம்பி,

ஆயுசோடு இரு. உன் பெண்டாட்டிக்கு என் அன்பு, பாப்பாவுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். கழுத்து வலியைப் பற்றி ஏன் கேட்கிறாய், அது எனக்கு இரண்டாவது புருஷன் மாதிரி, விட்டுப் போகாது.

தபால்காரர் உன் கடிதத்தை நீட்டியதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாசலில் நின்றே பிரித்தேன். படித்து முடித்ததும் உன்னை நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது. கூடப் பிறந்தவளிடம் பேசுவதற்கு இவ்வளவு திருட்டுத்தனமா? நல்ல பாதுகாப்புப் பிரிவுடா அது!

மார்க் போடுகிறாயாமே. பள்ளிக்கூடத்தில் நீ வாங்கிய மார்க்கெல்லாம் எனக்குத் தெரியும் என்று உன் ஆபீசில் சொல்லி வை. உன் மாமாவிடம் படித்துக் காட்டினேன். சிரிப்பார் என்று பார்த்தால், "நல்ல காரியம்தானே. அந்தத் தண்ணி கலந்த ஊசியை நினைச்சா எனக்கே சாப்பாடு இறங்கல" என்கிறார்.

இவரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? அதே கதைதான். ஷிஃப்ட் தொடங்குவதற்கு வெகு முன்னாலேயே கிளம்பிப் போய்விடுகிறார். போனதும் முதல் வேலை குளிர் அறையைத் திறந்து சுவரில் கை வைத்துப் பார்ப்பது. திரையில் குளிர் எவ்வளவு என்று பெரிய எழுத்தில் காட்டுகிறதே, அது போதாதா என்று கேட்டால், "ஒரு தடவை அது பொய் சொல்லியிருக்கு. கை பொய் சொல்லாது" என்று ஒரே பிடி. டீ குடிக்கும் முன் ஒரு தரம், குடித்த பின் ஒரு தரம் கை வைத்துப் பார்ப்பாராம். இதெல்லாம் போதாதென்று, புதிதாக வந்த பேக்கிங் பெண்களின் கார்டு கதவில் வேலை செய்வதில்லையாம், இவர் கார்டைக் கொடுத்துவிடுகிறார். "வேலை நிக்கக் கூடாது பாரு" என்கிறார். வேலை நிற்கக் கூடாது, வீட்டில் குழாய் மட்டும் மாசக்கணக்கில் ஒழுகலாம்!

மே மாதம் நான் வருகிறேன். ஆஸ்பத்திரியில் உன் பெண்டாட்டிக்குத் துணை வேண்டும். பாப்பாவுக்குப் பிறந்ததிலிருந்து என் சத்தமே கேட்டதில்லை. கேட்டால் பயந்துபோவாள், பார்.

உன் அக்கா

*

பிப்ரவரி 12

அக்கா,

எல்லாரும் நலம். நீயும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும் என்று நிஜமாகவே நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நான் சொல்வதைக் கேள், காரணம் கேட்காதே. மாமா இனிமேல் ஷிஃப்ட் நேரத்துக்கு மட்டும் போகட்டும். கார்டை யாருக்கும் கொடுக்க வேண்டாம். குளிர் அறையை வேலை இல்லாமல் திறக்க வேண்டாம்.

எங்கள் திரையில் பெயர் வராது, எண்தான் வரும். ஆனால் யாரும் வராத நேரத்தில் வந்து, விலை உயர்ந்த ஊசி இருக்கும் அறையைத் திறந்து திறந்து மூடி, எதையும் எடுக்காமல் போகிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். கதவு திறந்தது எங்களுக்குத் தெரிகிறது. கை வைத்துப் பார்த்தது தெரிவதில்லை. அவருடைய ஒரே கார்டு ஒரே நேரத்தில் இரண்டு கதவில் விழுகிறது. பட்டியலில் அந்த எண் மேலே மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. என் பக்கத்து இருக்கைக்காரர், "இந்த ஆள் ஏதோ பெரிசா பிளான் பண்றான்" என்று சிரிக்கிறார். நானும் கூடச் சிரித்தேன்.

இதை உனக்கு எழுதுவது எங்கள் பிரிவில் பெரிய குற்றம். படித்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிடு.

தம்பி

*

பிப்ரவரி 21

தம்பி,

நாங்கள் நலம் என்று எழுத மனம் வரவில்லை, இருந்தாலும் நலம்தான். உன் கடிதத்தை எரித்தாயிற்று.

முதலில் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. உன்னைப் படிக்க வைத்த மனுஷனையே திருடன் என்று சொல்கிற கருவியைச் செய்து வைத்திருக்கிறாயே என்று உன்னை வாயில் வந்தபடி திட்டித் தீர்த்தேன். இவர்தான், "அவனை ஏன் திட்டறே? அவன் வேலைக்கு ஆபத்துன்னு தெரிஞ்சும் சொல்லியிருக்கான்" என்று அடக்கினார். ஆனால் அவருக்கும் சமாதானமாகவில்லை. "கதவைத் திறந்தா திருடனா? திறக்காம உள்ளே எப்படி இருக்குன்னு எப்படிப் பார்க்கிறது, ஜோசியமா?" என்று கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார்.

பிறகு நான் பாப்பாவின் பேச்சை எடுத்தேன். உன் பேரில் ஒரு சின்னச் சந்தேகம் வந்தால் கூட மே மாதம் என்ன ஆகும் என்று கேட்டேன். மனுஷன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "சரி, திங்கட்கிழமையிலேர்ந்து எல்லாத்தையும் நிறுத்திடறேன்" என்றார்.

சொன்னபடி நிறுத்தியும் விட்டார். உன் மாமாவுக்கு எதையும் பாதியாகச் செய்யத் தெரியாது, உனக்குத்தான் தெரியுமே. இப்போது எல்லாரையும் போல மணி அடிக்கும்போது போகிறார், மணி அடிக்கும்போது வருகிறார். பேக்கிங் பெண்கள், "என்னண்ணே, எங்க மேல கோபமா?" என்று கேட்கிறார்களாம். காலையில் வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் கடைசியில் குழாயைச் சரிசெய்துவிட்டார். குழாய் ஒழுகாததற்கு அழுதவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான் இருப்பேன்.

இப்போது உனக்கு நிம்மதிதானே?

அக்கா

*

மார்ச் 10

அக்கா,

சுகம்தானே? பாப்பாவுக்கு ஜலதோஷம், வேறொன்றுமில்லை.

ஒன்று கேட்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்ளச் சொல் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேனா? எழுதியதாகத்தான் நினைவு. நீதான் எரித்துவிட்டாய். மாமா ஒரே நாளில், எல்லாவற்றையும் ஒன்றாகவா நிறுத்தினார்?

இது கிடைத்ததும் சில நாளாவது பழையபடி சீக்கிரம் போகச் சொல். தினமும் வேண்டாம். அங்கொன்று இங்கொன்று போதும். ஏன் என்று கேட்காதே.

வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

தம்பி

*

மார்ச் 22

தம்பி,

நீ நலமாக இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். உன் கடிதம் வந்தபோது இவர் வீட்டில்தான் இருந்தார். சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். தொடர் விடுமுறை முடிந்து கிடங்கு திறந்த அன்று, சர்க்கரை நோய் ஊசியும் குழந்தைகளுக்கான தடுப்பு மருந்தும் வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. இவர் ஷிஃப்ட் நேரத்துக்குத்தான் போனார். பெட்டி எடுக்கக் குளிர் அறைக்குள் போனபோது பழக்கதோஷத்தில் சுவரில் கை வைத்திருக்கிறார். சுவர் வேர்த்திருக்கிறது. திரையில் குளிர் சரியாகத்தான் காட்டுகிறது. இவர் நம்பவில்லை. ஓடிப்போய் வண்டியை மறித்து, ஏற்றிய பெட்டியை எல்லாம் இறக்க வைத்தார். தனியாக ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் உள்ளே இருக்க வேண்டியதை விட எவ்வளவோ சூடு. விடுமுறை முழுக்க அப்படியே இருந்திருக்கிறது. அத்தனையும் பாழ்.

அன்றைக்குக் கைகுலுக்கினார்கள். "நீங்க மட்டும் பார்க்கலைன்னா எத்தனை பிள்ளைங்களுக்குக் கெட்டுப்போன மருந்தைப் போட்டிருப்பாங்க" என்று மேனேஜர் இவர் தோளைக் கட்டிக்கொண்டாராம். அந்த வாரமே தலைமை அலுவலகத்திலிருந்து ஒருத்தர் லேப்டாப்போடு வந்தார். எத்தனையோ வருஷமாகத் தினமும் திறந்த கதவை இவர் போன மாதம் ஒரு திங்கட்கிழமை திடீரென்று திறக்காமல் விட்டதும், அதற்குப் பிறகு அறை கெட்டதும் கோடு போட்ட மாதிரி அதில் இருக்கிறதாம். கெட்டதாகக் கணக்கில் கழிக்கிற மருந்தைத்தான் வெளியில் விற்பார்களாம், அதற்காகவே அறையைக் கெட விட்டிருக்கிறார் என்கிறார்கள். திரை சரியாகக் காட்டும்போது இவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்கிறார்கள். இவர் சொல்லவில்லை என்றால் யாருக்குமே தெரிந்திருக்காது, தம்பி! சொன்னதுதான் தப்பாகிவிட்டது.

திரும்பத் திரும்ப ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். "ஏன் நிறுத்தினீங்க?"

"முட்டி வலி" என்று சொல்லியிருக்கிறார். மூட்டை தூக்கிக்கொண்டு படியேறுகிறவர் முட்டி வலி என்றால் யார் நம்புவார்கள்? என்னிடம் பொய் சொன்னாலே காது மடல் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும் இந்த மனுஷனுக்கு.

என்ன செய்யலாம், சொல். நீதானே உள்ளே இருக்கிறாய். சீக்கிரம் எழுது.

அக்கா

*

ஏப்ரல் 9

தம்பி,

என் கடிதம் கிடைத்ததா இல்லையா? பாப்பாவுக்கு உடம்பு ஏதாவது மோசமா? அதையாவது ஒரு வரி எழுதக் கூடாதா?

இரண்டாம் தடவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ரிப்போர்ட்டை இவர் முன்னாலேயே படித்தார்களாம். என்ன எழுதியிருந்தது என்று கேட்டால், "எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு" என்கிறார்.

இப்போதெல்லாம் காலையில் எழுந்து குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறார். நான் பார்க்காத மாதிரி துணி வெட்டிக்கொண்டிருக்கிறேன். எதிர் வீட்டு அம்மா வந்து, அவள் தாய்க்குத் தினமும் போடுகிற சர்க்கரை ஊசி இந்தக் கிடங்கு வழியாக வருவதுதானா என்று என்னையே கேட்கிறாள். "நல்லா இருந்ததுதானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நம்பவில்லை, முகத்தில் தெரிந்தது.

ஒரு வரி எழுது.

அக்கா

*

ஏப்ரல் 20

அக்கா,

பாப்பா நன்றாக இருக்கிறாள். நானும் உடம்பளவில் நன்றாகத்தான் இருக்கிறேன். உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

அந்த ரிப்போர்ட்டை எழுதச் சொன்னது என்னைத்தான்.

என்னால் முடியாது என்று சொல்லக் காரணம் வேண்டும். காரணம் சொன்னால் உறவைச் சொல்ல வேண்டும். உறவைச் சொன்னால், "அவருக்குச் சொன்னது நீயா?" என்பதுதான் அடுத்த கேள்வி. எழுதினேன். எண்ணில் இருந்ததைத்தான் எழுதினேன், ஒரு சொல் கூட்டவில்லை. கூட்டவில்லை என்று சொல்லிக்கொள்வதற்கு எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். சீக்கிரம் வருவது, கார்டு கொடுப்பது, கதவு திறப்பது, இதற்கெல்லாம் எங்கள் ஏற்பாட்டில் சின்ன மார்க்தான். நான் சும்மா இருந்திருந்தால் மேனேஜர் கூப்பிட்டுக் கண்டித்துவிட்டு விட்டிருப்பார். ஒரு மனிதன் நெடுநாள் பழக்கத்தைத் திடீரென்று மொத்தமாக விட்டால்தான் எங்கள் ஏற்பாடு அலறும். தன்னைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டவன்தான் அப்படி விடுவான். அதற்குத்தான் எல்லாவற்றையும் விடப் பெரிய மார்க். அந்த விதியைக் கூட்டத்தில் சொல்லி, வாதாடி, சேர்க்க வைத்தவன் நான். அதை நான் உனக்குக் கடிதம் எழுதிய அன்று மறந்துபோனேன். பயத்தில் மாமா ஒருத்தர்தான் கண்ணில் தெரிந்தார்.

மே மாதம் ஆபரேஷன். அது வரைக்கும் மாமா தாக்குப்பிடிப்பாரா? இதைக் கேட்க எனக்கு வாய் எப்படி வந்தது என்று நீ கேட்பாய். எனக்கும் தெரியவில்லை.

தம்பி

*

ஏப்ரல் 29

மாப்பிள்ளை,

நான் எழுதுவதைப் பார்த்து ஆச்சரியப்படாதே. எப்போதும் உன் அக்காதான் எழுதுவாள், நான் தபால்தலை ஒட்டுவதோடு சரி. இன்று அவள் பேனாவைத் தொட மாட்டேன் என்கிறாள். உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தவள், நூல் கோக்காமலே ஓட்டிக்கொண்டிருக்கிறாள். நான் போய்ச் சொல்லவில்லை. ஓட்டட்டும்.

ரிப்போர்ட்டை என்னிடம் படித்தபோது, நீ எழுதியது என்று தெரியாமலே, எவனோ ஒழுங்காக வேலை பார்த்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். ஒரு வரி பொய்யில்லை. நான் நிறுத்தியது நிஜம். நிறுத்தியதால்தான் மருந்து கெட்டது, அதுவும் நிஜம். எப்போதும் போல விடுமுறைக்கு முந்தின வாரமெல்லாம் கை வைத்துப் பார்த்திருந்தால், அந்த இயந்திரம் திணறுவது எனக்கு முன்னாடியே தெரிந்திருக்கும். அதுதான் என் நெஞ்சை அறுக்கிறது. என்னைத் திருடன் என்பது கூட இரண்டாம்பட்சம்.

நீ வாயைத் திறக்காதே. திறந்தால் உனக்கு வேலை போகும், இன்சூரன்ஸ் போகும், எனக்கு வேலை திரும்பி வராது. இரண்டு குடும்பமும் நடுத்தெருவில் நிற்பதால் யாருக்கு என்ன லாபம்? பாப்பா காது முதலில். மற்றதெல்லாம் அப்புறம்.

எனக்கு பயமில்லை என்று நினைத்துக்கொள்ளாதே. பயமாகத்தான் இருக்கிறது. அந்த விசாரணை அறையில் உட்கார்ந்தால் கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொள்கிறேன்.

உன் அக்கா ஆஸ்பத்திரிக்கு வர மாட்டாள். அவள் வந்தால் யாராவது பார்த்துவிடுவார்கள். உன் பெண்டாட்டியிடம் வேறு ஏதாவது காரணம் சொல்லிவிடு.

மாமா

*

ஜூன் 5

அக்கா, மாமா,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா, தெரியவில்லை. கேட்கிறேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. காயம் ஆறிய பிறகு இந்த வாரம்தான் கருவியை முடுக்கினார்கள். பாப்பா என் மடியில் பொம்மையின் கையைத் திருகிக்கொண்டிருந்தாள். டாக்டர் அவள் பின்னால் நின்று மெதுவாகக் கை தட்டினார். பாப்பாவின் கை நின்றது. இன்னொரு தரம் தட்டினார். திரும்பிப் பார்த்தாள், அக்கா! உதடு பிதுங்கி, ஓவென்று அழ ஆரம்பித்தாள். தன் அழுகையே தனக்குக் கேட்டு இன்னும் பயந்துபோய் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பாப்பாவின் அம்மாவும் அழுதாள், நானும் அழுதேன், டாக்டர் மட்டும் சிரித்தார். இனி வருஷா வருஷம் கருவியைச் சோதித்து, பேச்சுப் பயிற்சி கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். மெதுவாகப் பேச்சு வந்துவிடும் என்கிறார்.

மாமா சொன்னபடி இது வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது. எங்கள் பிரிவுத் தலைவரின் அறைக்குப் போய், நான்தான் சொன்னேன், என் சொல்லைக் கேட்டுத்தான் நிறுத்தினார் என்று எல்லாவற்றையும் கொட்டிவிடப் போகிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். பதில் வந்ததும் போகிறேன்.

லீவு கிடைத்தால் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு அங்கே வருகிறேன். அவள் உங்கள் குரலைக் கேட்க வேண்டும்.

தம்பி

*

ஜூன் 16

தம்பி,

பாப்பாவுக்குக் காது கேட்டது என்கிற இடம் வரை இவருக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு தரம் படி என்றார், படித்தேன். மிச்சத்தை அவருக்குப் படிக்கவில்லை. மடித்து வைத்துவிட்டேன்.

இவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். இன்று நேற்றல்ல, போன மாதமே, பாப்பாவின் ஆபரேஷனுக்கு முன்னாலேயே. மூன்றாம் தடவை கூப்பிட்டபோது வேறொரு ஆபீசர் வந்திருந்தாராம், ரொம்ப மரியாதையாகப் பேசினாராம். "இவ்வளவு திடீர்னு நிறுத்தினீங்கன்னா உள்ளே இருந்து யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்காங்க. யாருன்னு சொல்லுங்க, உங்களை விட்டுடறோம். சொல்லலைன்னாலும் பரவாயில்லை. அடுத்த வாரம் உங்க சொந்தக்காரங்க, உங்க வீட்டம்மா பக்கத்துச் சொந்தக்காரங்க விவரம் எல்லாம் எடுக்கப் போறோம்." அவ்வளவுதான். இவர் பேனாவைக் கேட்டு வாங்கி, யாரும் சொல்லவில்லை, அறை கெடட்டும் என்று தெரிந்தே விட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். போலீசுக்குப் போகாமல் வேலையை விட்டு நீக்குவதோடு முடித்துக்கொண்டார்கள். எனக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னார். என்னைக் கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

இதெல்லாம் உனக்குத் தெரியாதா? தம்பி, அந்தக் காகிதம் உன் மேசைக்கு வராமல் வேறு எங்கே போயிருக்கும்? "இந்த ஏற்பாடு முதல் தடவையா சரியாப் பிடிச்சது உங்களைத்தான். இதைப் பண்ணின பையனுக்குப் பாராட்டுக் கூட்டமே நடந்துச்சு. இனி எல்லாக் கிடங்குலயும் வரப் போகுது" என்று அந்த ஆபீசர் கடைசி நாள் இவரிடமே சொல்லியிருக்கிறார். குற்றவாளியே ஒத்துக்கொண்டாரே, உன் மார்க் சரி என்று ஆகிவிட்டதே. அந்தக் கூட்டத்தைப் பற்றி நீ ஒரு வரி எழுதவில்லை. எல்லாம் முடிந்துபோனது தெரிந்த பிறகு, போகட்டுமா என்று என்னைக் கேட்கிறாய். போகிறவன் பதிலுக்குக் காத்திருக்க மாட்டான்.

இவருக்கு இனி எந்த மருந்துக் கிடங்கிலும் வேலை இல்லை. எல்லாக் கம்பெனிக்கும் பெயர் போய்விட்டதாம். நான் தைத்த துணியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வருகிறார். சில வீட்டில் இவர் கையால் வாங்க மாட்டேன் என்கிறார்கள். எதிர் வீட்டு அம்மாவின் தாய் போன வாரம் வயதாகி, படுக்கையிலேயே இறந்துபோனாள். அவளுக்குப் போன மருந்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த வீட்டில் எல்லாரும் எங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு அழுதார்கள். இவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நீ கேட்டாய் இல்லையா, இதோ பதில். போகாதே. போய்ச் சொன்னால், இரண்டு பேரும் சேர்ந்து செய்தார்கள் என்றுதான் உன் கம்ப்யூட்டர் சொல்லும். இவர் எழுதிக் கொடுத்தது பொய் என்று ஆகிவிடும், விட்டுவிட்ட போலீசைத் திரும்பக் கூப்பிடுவார்கள். அதுவும் போக, வருஷா வருஷம் பாப்பாவுக்குச் சோதனை என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் வருஷா வருஷம் நீ அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார். மார்க் போடு. அதற்குத்தான் இவர் கையெழுத்துப் போட்டார்.

உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் ஆறவில்லை. ஆறும் என்றும் தோன்றவில்லை. உன்னைத் தூக்கி வளர்த்த கையால்தான் இதை எழுதுகிறேன்.

பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வராதே. எவனாவது இரண்டு வீட்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டால் எல்லாம் வீண். அது ஒரு பக்கம் இருக்கட்டும். இவ்வளவு நடந்தும் இந்த மனுஷன் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அவள் வாயைத் திறந்து "மாமா" என்று கூப்பிட்டால் தாங்க மாட்டார்.

இதற்குப் பதில் எழுதாதே. இனி எழுதவே எழுதாதே.

அக்கா